முன்கையில் எழும் தடிப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தும்மினாலும் டெஸ்ட்டு, சொறிந்தாலும் டெஸ்ட்டு என்று முனகியபடி சில்வெஸ்டர் மகளின் கையையே முறைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த இறால் குழம்பைத் தின்றதும்தான் ஜோவிதாவுக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. இப்போது கிளினிக்கின் குழல்விளக்கில் அவளுடைய முன்கையில் மூன்று சொட்டுகள் மினுங்குகின்றன: ஒன்று வெறும் உப்புநீர், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க யார் தோலையும் தடிக்கவைக்கிற மருந்து, நடுவில் இறால் சாறு. மூன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தியாயிற்று. மின்விசிறி கடகடக்கிறது. “சின்ன வயசுலேர்ந்து தின்னவளுக்கு இப்ப எங்கேர்ந்து வந்துச்சாம்?” என்கிறார். “பெரியவங்க ஆனப்புறமும் வரும் அங்கிள். நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இந்த எறால் அலர்ஜி இருக்கு,” என்கிறாள் டாக்டர். “எங்க மர்பி டவுன்ல ஒருத்தனுக்கும் இல்லம்மா.” “டாடி, சும்மா இருங்க,” என்கிற ஜோவிதாவின் மறுகை நாற்காலி விளிம்பை இறுகப் பற்றுகிறது. உப்புநீர் பட்ட இடம் அப்படியே இருக்க, மருந்துச் சொட்டைப் போலவே நடுச்சொட்டைச் சுற்றியும் தோல் சிவக்கிறது. கொசுக்கடி போல மெல்ல மேடாகிறது. டாக்டர் சொட்டைத் துடைத்து, ஸ்கேல் வைத்து அளக்கிறாள். “அன்னிக்கு நடந்ததும் இதுவும் ஒத்துப்போகுது. இனிமே எறாலைத் தொடாதீங்க.” சில்வெஸ்டர் எழுந்துவிடுகிறார். “அன்னிக்கு வாங்குன எறா கெட்டது. சிவாஜிநகர் மீன்காரன் ஏமாத்திட்டான், அவ்ளோதான்.” கதவைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். தன் கையால் வைத்த குழம்பு மகளின் மூச்சை அடைக்கும் என்று ஊரிலுள்ள டாக்டர் அத்தனை பேரும் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை.