பல்லில் ஒரு நூல்

"வாயைத் திறக்காதீங்க! தைச்சு முடிக்கிற வரைக்கும் நூலைக் கடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள் மீரிம்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் வாசல் கேட் பக்கம் கையைக் காட்டி, "ம்ம்... ம்ம்ம்" என்றான்.

"நாயைத்தானே சொல்றீங்க? கட்டியாச்சு."

கேட்டைத் திறந்து காலை வைத்ததுமே நாய் அவன் ஜீன்ஸை முட்டியில் கவ்விக் கிழித்துவிட்டது. நல்லவேளை, தோலில் பல் படவில்லை.

"மாப்பிள்ளையைக் கிழிஞ்ச முட்டியோடவா விருந்துக்கு உக்கார வைக்கிறது? சட்டுனு தைச்சு விடுடி!" என்று அடுப்படியிலிருந்து சித்தி கத்தினாள். விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயை விட்டு நகர முடியாது.

புது வீட்டில் அவன் எப்படிக் கழற்றிக் கொடுப்பான்? உடம்பில் இருக்கிற துணியைத் தைத்தால் புத்தியையும் சேர்த்துத் தைத்துவிடும் என்று தோக்மோக் ஊரில் எல்லோருக்கும் பயம். அதற்குத்தான் பல்லில் நூல். அது இருக்கும்வரை பேசக் கூடாது.

பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை ஓட்டை வழியாக உள்ளே நுழைத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். ஊசி ஏறியது.

மீரிமுக்கும் இதை விட்டால் வேறு நேரமில்லை. அவன் அம்மா வந்து காதில் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி, அதோடு பேச்சு முடிந்தது.

"நீங்க பேச முடியாதது நல்லதாப் போச்சு. நான் சொல்றேன், கேளுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் தையல் வேலைக்குப் போவேன். சம்மதமா?"

அவன் விழித்தான். பிறகு தலையாட்டினான்.

"பத்து மணி நேரம் மெஷின்ல குனிஞ்சிட்டு வந்து, உங்க சொந்தக்காரங்க இருபது பேருக்கு டீ ஊத்திக்கிட்டு நிக்க மாட்டேன். டீயை நீங்க ஊத்துவீங்களா?"

தலையாட்டினான். கண்ணில் சிரிப்பு.

"சமைப்பீங்களா?"

கட்டைவிரலை உயர்த்தினான். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. மாவு மில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை என்று சித்தி சொன்னாளே, கை அழுக்காகிற வேலையும் செய்வான் போலிருக்கிறது. ஒன்றுக்காவது மறுப்பான், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல மனமில்லை. ஊசி தடுமாறி முட்டியில் குத்தியது. அவன் துள்ளினான், நூலை மட்டும் விடவில்லை.

"பொறுமைசாலிதான்" என்று சிரித்தாள். பிசிறை மடக்கிக் கடைசித் தையல் போட்டு, நூலை அறுத்தாள்.

"ம், இப்ப பேசுங்க. இதுக்கெல்லாம் நிஜமாவே சம்மதமா?"

அவன் பல்லிலிருந்து நூலை எடுத்தான். முகம் காது வரை சிவந்திருந்தது.

"எனக்குச் சம்மதந்தாங்க. ஆனா நான் டாக்சி டிரைவர். மாப்பிள்ளையும் அவங்க அம்மாவும் தெருமுனையில என் கார்லயே இருக்காங்க. நாயைக் கட்டியிருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு. என்ன சொல்லட்டும்?"

மீரிம் கேட்டைப் பார்த்தாள். கட்டிக் கிடந்த நாயைப் பார்த்தாள்.

"அவுத்து விட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றாள். "அவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு நேரா இங்க வாங்க. உங்க இன்னொரு முட்டியும் நைஞ்சிருக்கு."