உள்மடிப்பு

"அடியில ரெட்டைத் தையலா போடு பவுலினா. வழியில பிரிஞ்சி கொட்டிச்சின்னா மானம் போயிடும்."

மானத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் ராயப்பன் பேசுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தேன்.

புதுத் துணி வாங்க மனசு வராமல் தன் பழைய வேட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்திருந்தார்.

அதை நாலாக மடித்தேன். இரண்டு பக்கமும் தைத்து, வாயை மடித்து, காது வைத்தால் பை. பார்க்கிறவர்களுக்குச் சாதாரணக் கைப்பை. துணிக்கும் துணிக்கும் நடுவில் நாலு படி அரிசி நிற்கும். மேலே முருங்கைக்கீரையை அடைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஓசூர் அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று சட்டம். தாண்டினால் நல்ல விலை என்று இவருக்கு ஆசை.

போன மாசமும் இப்படி ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அதே பஸ்ஸில் என் தங்கை சாராளும் பெங்களூர் அத்தை வீட்டுக்குப் போனாள். பையை அவள் காலடியில் தள்ளிவிட்டு, இவர் நாலு வரிசை தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லைச் சாவடியில் போலீஸ் ஏறியது. யார் பை என்று கேட்டது. இவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்.

சாராளும் வாயைத் திறக்கவில்லை. அக்கா புருஷனைக் காட்டிக்கொடுத்தால் அக்கா கதி என்னாகும் என்று நினைத்தாளாம். பைத்தியக்காரி.

இருபது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தாள். கோயிலில் முதல் ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்திருந்த அவள் கல்யாணம் நின்றுபோனது. வேறு மாப்பிள்ளை கிடைக்காமலா போய்விடுவான் என்றார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த ஆள் கம்பி எண்ண வேண்டும். வரும் பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் சாமியாரிடம் சொல்வதாக இல்லை.

நேற்று சாவடிக்கு நானே நடந்து போய், நாளைக்குப் பத்து மணி பஸ்ஸைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏட்டையா தலையைச் சொறிந்தார். பை கிடைக்கும், பெண்டாட்டி பேச்சை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, பை அவனுடையதுதான் என்பதற்கு அடையாளம் வேண்டும் என்றார்.

நியாயம்தான். இன்றைக்கும் பையை எவளாவது ஒரு பாவப்பட்டவளின் காலடியில் தள்ளிவிட்டு இவர் ஜன்னலைப் பார்ப்பார்.

நெருக்கி நெருக்கித் தைத்தேன். அரிசியைக் கொட்டி வாயை மூடினேன். அவர் பையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"பிரியாதுங்க. கத்தி வச்சி அறுத்தாத்தான் உண்டு."

அவருக்கு ஒரே சந்தோஷம். பையைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி பஸ்ஸுக்குப் போனார்.

துவைத்து வந்ததை உடுத்துவதோடு சரி, வேட்டியின் மூலையை எந்த ஆம்பிளை பார்க்கிறான்? மடிப்புக்குள் வைத்து நான் தைத்த மூலையில் சேராங்கொட்டை மையில் மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு. சலவைக்காரர் கங்கப்பன் எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் போடும் குறி. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது.

ஏட்டையா வீட்டுத் துணியையும் வெளுப்பது கங்கப்பன்தான்.