கடைசி இனிப்பு டீ

டீக்கடை முன்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அலறியது. திருவிடந்தை ஸ்டாப்பில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

காலி பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினான் டிரைவர் தர்மராஜ். ஷிப்டு ஆட்கள் நாற்பது பேரையும் இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தான்.

"தமீமு, ஒரு டீ போடு. சர்க்கரை நாலு ஸ்பூன்!"

டீ மாஸ்டர் தமீம் வடிகட்டியும் கையுமாகத் திரும்பினான். "இன்னா அண்ணாத்த, நியூ இயர் சபதம் இன்னா ஆச்சு? இருவது நாளுதானே ஆவுது?"

"சபதமாம் சபதம். எல்லாம் பூட்ச்சு."

அவன் உட்காரவில்லை. பெஞ்சுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நடந்தான். போனை எடுத்துப் பார்த்தான், பையில் போட்டான், மறுபடி எடுத்தான்.

செப்டம்பரில் கம்பெனி மெடிக்கலில் அவன் ஏ1சி சர்க்கரை அளவு ஒன்பதரை. ஜனவரி டெஸ்டில் எட்டுக்குக் கீழே வராவிட்டால் ஸ்டியரிங் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் டீயை விட முடியவில்லை. தினம் ஆறு டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்பூன், அத்தனையும் தமீம் கையால்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று சாயங்காலம்தான், இனிமேல் சர்க்கரை இல்லை என்று சபதம் எடுத்தான். அன்றைய கடைசி டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். "தேனு மாதிரி கீதுடா" என்று அடியில் இருந்ததையும் ஆட்டிக் குடித்தான்.

மறுநாள் முதல் வாயிலேயே முகம் கோணியது. "இது டீயாடா? கஷாயம்!" என்று கத்தியவன், தமீம் அந்த டீயிலும் ஸ்பூனை விட்டு டிங் டிங்கென்று கலக்கியது நினைவுக்கு வந்து இன்னும் எரிச்சலானான்.

"சர்க்கரையே இல்லாத டீக்கு ஸ்பூன் எதுக்குடா?"

"கை பழகிப்போச்சு அண்ணாத்த."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய அந்த இருபது நாளும் இப்போது வீண்.

"நேத்து ரத்தம் எடுத்தவரு சொல்றாரு, இது மூணு மாச கணக்காம். தீபாவளிலேர்ந்து துன்னது குடிச்சது எல்லாம் அதுல தெரிஞ்சிடுமாம். கடசி இருவது நாளு ஒழுங்கா இருந்து இன்னா யூஸு?"

"ரிப்போர்ட்டு வரட்டும். அப்பறம் குடி."

"வந்தா வூட்டுக்குப் போன்னுவானுங்க. அதுக்கு முன்ன ஒரு டீயாச்சும் வாய்க்கு நல்லா குடிச்சிக்கறேன்."

டீயை ஆற்றி வைத்த தமீம், சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. தர்மராஜே அதை இழுத்து ஸ்பூன் நிறைய அள்ளினான்.

போன் கிணுகிணுத்தது.

ஸ்பூன் கிளாஸுக்கு மேலேயே நின்றது. மற்றொரு கையால் ரிப்போர்ட்டைத் திறந்தான். ஏழு புள்ளி இரண்டு. பெயரைப் பார்த்தான், வயதைப் பார்த்தான். அவனுடையதுதான்.

"பாஸு அண்ணாத்த!" தமீம் கை தட்டினான்.

தர்மராஜ் சிரிக்கவில்லை. அள்ளிய சர்க்கரையை டப்பாவிலேயே கொட்டினான். "எதோ தப்பு ஆயிகீது. வேற எவனோ ரத்தத்த எம் பேர்ல போட்டுட்டானுங்க."

"நல்லதா வந்துகீது, வாங்கிகினு போவியா..."

"டேய், நாப்பது பேரு தூங்கிகினு வர்ற வண்டிடா அது. நடு ரோட்ல எனக்குக் கண்ணு இருட்டிச்சின்னா? டிசம்பர் பூரா தெனம் பதினெட்டு ஸ்பூன் துன்னவனுக்கு எப்டிடா ஏழு வரும்?"

லேபின் நம்பரை அழுத்தினான். தமீம் கையை நீட்டி, போனைப் பிடுங்கி அணைத்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"திட்டாத அண்ணாத்த. ஒன் கிளாஸ்ல ஆயுத பூஜைலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கொறச்சி, தீபாவளியோட நிறுத்திட்டேன்... நீ தேனுன்னு குடிச்சதுல வெறும் ஸ்பூன் சத்தந்தான் இருந்துது!"