குவாரிப் பக்கம் வேணாம் சார்

மேடு பள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளை வாடகைக்கு விடும் கடைக்காரர், வந்தவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

“மணல்மேட்டுக்குப் போங்க சார். ஏறி இறங்கி ஓட்ட ஜாலியா இருக்கும்.”

“அங்க கூட்டம் இருக்குமே.”

“அப்ப தைலமரக் காடு?”

“வனக்காவலர் வருவாங்க. ஈ காக்கா இல்லாத இடமா வேணும். பழைய கல்குவாரி எப்படி?”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கூட வந்த பெண் வாசலில் தலைகுனிந்து நின்றாள். இந்த ஆள் இவளை ஏதாவது செய்துவிடப் போகிறானோ?

“குவாரி வேணவே வேணாம் சார். வளைவுல மண்ணு சரியுது. போன வருஷம் நம்ம வண்டிய எடுத்துட்டுப் போன ஒருத்தர், வண்டியோட தண்ணிக்குள்ள போயிட்டார்.”

வந்தவர் அவரை இமைக்காமல் பார்த்தார்.

“அது எங்க அண்ணன். காணாமப் போனதாத்தான் போலீஸ் இன்னும் தேடுது. அவர் எங்க விழுந்தார்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

கடைக்காரர் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார்.

வாசலில் நின்ற அண்ணி உள்ளே வந்தாள்.

“கடற்கரைக்குப் போனார்னு போலீஸ்ல சொன்னீங்களே,” என்றாள். “தினமும் அங்கதான் போய் நின்னுட்டிருக்கேன்.”