தேய்த்த பிறகு

பெரியகுளத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள் ஜவுளிக்கடை உமாதேவி. பல்வரிசையைச் சீராக்க முன்பல்லில் ஒட்டிய கிளிப் இரண்டாம் தடவையாகக் கழன்று, அவள் உள்ளங்கையில் பொடிசாக மின்னுகிறது. மறுகையால் வாயை மறைத்தபடியே கேட்கிறாள்: "முறுக்குகூடத் திங்கலையே டாக்டர். என் பல்லுக்கே இது ஆகாதோ?" டாக்டர் ஜெபஷீலா முகக்கவசத்தை இறக்குகிறார். "பல்லு மேல குத்தமில்லம்மா. ரெண்டு தடவையும் நான்தான் தேய்க்காம ஒட்டிட்டேன்." சுழலும் சிறு பிரஷ், பல்லைத் தேய்க்கும் நுரைக்கல் பொடியோடு வண்டாய் ரீங்கரித்து, பல்லின் மேலுள்ள வழவழப்பான படலத்தைத் துடைத்தெடுக்கிறது. கழுவி, காற்றில் உலர்த்தி, பசை தடவிப் புதுக் கிளிப்பை ஒட்டுகிறார். பசையை இறுக வைக்கும் நீல ஒளி பல்லின் மேல் நின்று அணைகிறது. பிறகு கிளிப்பைக் குறட்டால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார். உமாதேவியின் தலைதான் முன்னால் வருகிறது.