எண்ணுக்கு அடியில்

அரியலூர் ஷெட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்மேல் குனிந்து, மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கைத் துடைக்கிறாள் பிரவீணா. கம்பெனி எஞ்சின்தானா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இறந்துபோன சொந்தக்காரரின் மனைவி வேணி அருகில் நின்று முந்தானையை முறுக்குகிறாள். "எஞ்சின் மாத்தவே இல்லைன்னு அவரு கடைசி வரைக்கும் சொன்னாரு. ஒரிஜினலை வித்துத் தின்னுட்டாருன்னு கொழுந்தனார் சொல்றாருங்க. நம்பர் சரியா இருக்கா?" கல் லாரி போகையில் தகரம் அதிர்கிறது. எஞ்சினில் அடித்த எண் காரின் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறது. ஆனால், கம்பெனி அடித்த எண்ணுக்கு அடியில், இரும்பை மெஷினில் சீவியபோது விழுந்த மயிரிழைக் கோடுகள் ஓட வேண்டும். டார்ச்சைச் சாய்க்கிறாள்; இரும்பு வழவழவென்று மின்னுகிறது. தேய்த்துவிட்டு யாரோ புதிதாக அடித்த எண். "நம்பர் சரிதான்க்கா, ஆனா..." அதற்குள் வேணி கொழுந்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். "கேட்டுக்கங்க, உங்க அண்ணன் சொன்னது பொய்யில்ல!" அழுதுகொண்டே சிரிக்கிறாள். பிரவீணாவின் கை துடைத்த இடத்தையே துடைக்கிறது.