எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய்?

“ஐயோ, என் தலையெழுத்தே! முட்டைக்கு ‘மச்’ வராதுங்க, ‘மெனி’ வரும். ‘ஹவ் மெனி எக்ஸ்’!” கரண்டியும் கையுமாகக் கத்தினாள் மனைவி.

“கோச்சுக்காதம்மா. அப்ப பட்டருக்கு? ஹவ் மெனி பட்டர்?” ஷூவை மாட்டியபடியே கேட்டான் லிஃப்ட் மெக்கானிக் கணவன்.

“வெண்ணெயை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவீங்களா? எத்தனைன்னா மெனி, எவ்வளவுன்னா மச். நூறு வாட்டி சொல்லிட்டேன்!”

“ரொட்டியை எண்ணலாமே. ஹவ் மெனி பிரெட்?”

“நாம எண்ணுவோம், இங்கிலீஷ்காரன் எண்ண மாட்டான். அவன் துண்டைத்தான் எண்ணுவான். அந்த மரமண்டையில ஏறுதா?”

அவன் ஈயென்று இளித்தான். ‘உன்கூட நானும் இங்கிலீஷ் கத்துக்கறேன்’ என்று மாசக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவன். கல்லில் நார் உரித்த கதைதான், போங்கள்!

அவள் கவலை அவளுக்கு. இன்றைக்குப் பெரிய ஓட்டல் பேக்கரியில் இன்டர்வியூ. கேக்கெல்லாம் அவள் கை சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் இங்கிலீஷில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன இடத்திலெல்லாம் திருதிருவென்று முழித்துவிட்டு வந்தவள். இதுவும் போனால் இனி எந்த வாசலையும் மிதிக்கத் தெம்பில்லை.

ஓட்டலில் மேனேஜர் அம்மா முதல் கேள்வி கேட்டார். வியர்வைதான் வந்தது. அடுத்த கேள்விக்கும் அதே. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று அவள் பையை எடுக்கும்போது, மேனேஜர் நிதானமாகக் கேட்டார்: “ஹவ் மச் எக்ஸ்? ஹவ் மெனி பட்டர்?”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “நோ, மேடம்! ஹவ் மெனி எக்ஸ்! ஹவ் மச் பட்டர்!” என்று ஆரம்பித்தவள், எந்த கேக்குக்கு எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு சூடு என்று இங்கிலீஷிலேயே மடமடவென்று கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். “நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க.”

“மன்னிச்சுக்குங்க மேடம், வீட்டுப் பழக்கம். எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் ஏறவே ஏறாது. கத்திக் கத்தியே...”

“அவருக்கா? நேத்து எங்க லிஃப்டைப் பார்க்க வந்தப்ப, ‘கேள்வி கேட்டா அவ வாயே திறக்க மாட்டா, தப்பாப் பேசிப் பாருங்க’ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவர்தான். அதையும் தப்பே இல்லாத இங்கிலீஷ்ல சொன்னார். யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன், உங்க பேரைத்தான் சொன்னார்!”